பர்மாவை விட்டு வந்தவர்கள்: பெயர்வுக் காலத்துக் காதலையும் குடும்பத்தையும் நாவலாக எழுதுவது எப்படி?

போர், பிரிவினை, ஆட்சிக் கவிழ்ப்பு என்று நாடே ஆடிப்போன காலத்தில் ஒரு காதலையும் மூன்று தலைமுறைக் குடும்பத்தையும் வைத்து நாவல் எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் சரித்திரத்தில்தான் தொடங்குகிறார்கள். எந்த மாதம் எந்தப் படை எங்கே வந்தது என்று நோட்டு நிறையக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தத் தேதிகளுக்குள் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அப்படி எழுதிய கதையில் குண்டு விழும், ஜனம் ஓடும், காதலர்கள் பிரிவார்கள். படிக்கிறவருக்கு மட்டும் யாருக்காகவும் மனசு வலிக்காது.

இந்த வகை நாவலுக்கு உயிர் தருவது ஒரே கேள்வி என்று நான் நம்புகிறேன். ஊரே கிளம்பும்போது இந்தக் குடும்பம் யாரையெல்லாம் தன் ஆள் என்று எண்ணுகிறது? படகில் இடமில்லை என்றால் யார் பெயர் முதலில் விடுபடும்? காதலோ குடும்பப் பெருமையோ சொத்துத் தகராறோ, எல்லாமே கடைசியில் அந்த எண்ணிக்கையில்தான் வந்து நிற்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை நோக்கியே போகின்றன. உதாரணத்துக்குத் தமிழர்களுக்கு மிக நெருக்கமான, ஆனால் நம் நாவல்களில் இன்னும் எழுதித் தீராத ஒரு பெயர்வை எடுத்துக்கொள்கிறேன்: பர்மா. 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சிக் கால்நடையாகவும், 1964க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் கப்பலேறியும் இந்தியர்கள் அங்கிருந்து வந்தார்கள்.

1. முதலில் குடும்பம் எடுக்கவேண்டிய முடிவைத் தேடுங்கள்

"இரண்டாம் உலகப் போர்" என்பது நாவலுக்கான களம் ஆகாது. அது மிகப் பெரிது. "1942 ஜனவரியில், ஐராவதிக் கரையிலுள்ள ஹென்சாடா ஊரில், ஒரு வட்டிக்கடை ஏஜெண்ட் கிளம்புவதா இருப்பதா" என்றால் அது களம். நாள், ஊர், ஆள், முடிவு நான்கும் அதில் இருக்கின்றன.

நம் மாதிரிக் குடும்பத்தை இப்படி வைத்துக்கொள்வோம். வள்ளியப்பன், காரைக்குடிப் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார், அதாவது நகரத்தார். மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு வட்டிக்கடையில் அடுத்தாளாக (ஏஜெண்டுக்கு உதவியாளாக) பர்மாவுக்குக் கப்பல் ஏறுகிறார், பிறகு ஏஜெண்ட் ஆகிறார். ஊரில் அவருக்கு முறைப்படி மணந்த மனைவி விசாலாட்சி இருக்கிறாள். ஹென்சாடாவில் அவரோடு வாழும் பர்மியப் பெண் மா மியா. அவளுடைய அப்பா நெல் விவசாயி. கடையில் கடன் வாங்கி, திருப்ப முடியாமல், நிலத்தை அந்தக் கடைக்கே எழுதிக்கொடுத்தவர்.

காதலும் கடனும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன பாருங்கள். இதற்கு வலுவான சரித்திர அடிப்படை உண்டு. 1930வாக்கில் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது, அந்தப் பத்தாண்டின் முடிவில் சுமார் 25 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை. பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனால் நிலத்தை இழந்தவர் கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும்? இரண்டு பக்கத்தையும் ஒரே நேர்மையோடு எழுத முடியாது என்று தோன்றினால் இந்தக் களத்தைத் தொடவே வேண்டாம்.

2. இரண்டு காலண்டர்களை அருகருகே எழுதுங்கள்

ஒரு நீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நாட்டில் நடந்தவை, வலப்பக்கம் வீட்டில் நடந்தவை.

இடப்பக்கத்தில் வரவேண்டியவை: 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி வெடித்த இந்தியர் எதிர்ப்புக் கலவரம். அதே ஆண்டு டிசம்பரில் தராவடியில் தொடங்கிய சாயா சான் விவசாயிகள் எழுச்சி. 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிந்தது. 1938 ஜூலைக் கலவரம். 1941 டிசம்பர் 23, ரங்கூன்மீது முதல் குண்டுவீச்சு. 1942 மார்ச் 8, ரங்கூன் ஜப்பானியர் வசம். 1948 ஜனவரி 4, சோதிடர்கள் குறித்துக் கொடுத்தபடி அதிகாலை 4.20க்குச் சுதந்திரம். 1962 மார்ச் 2, நே வின் ராணுவ ஆட்சி. 1964இல் கடைகள் நாட்டுடைமை. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு.

வலப்பக்கத்தில் ஒவ்வொருவருடைய வயதும் வேண்டும். வள்ளியப்பன் 1906இல் பிறந்தால் 1928இல் முதல் கப்பல் ஏறும்போது 22, நடந்து திரும்பும்போது 36. விசாலாட்சியின் மகன் 1935இல் பிறந்தால் அப்பச்சி (நகரத்தார் பேச்சில் அப்பா) வீடு வந்து சேரும்போது அவனுக்கு 7 வயது. அப்பச்சியின் முகம் அவனுக்குப் புதிது. மா மியாவின் மகன் 1937இல் பிறந்தால் நடைப்பயணத்தின்போது அவனுக்கு 5 வயதுகூட நிறைந்திருக்காது. தூக்கவும் கனம், நடக்கவும் பலமில்லாத வயது. இந்த ஒரு கணக்கு உங்கள் கதையின் பாதியை எழுதிக்கொடுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிவினை நாளான 1937 ஏப்ரல் 1 வியாழக்கிழமை. பிள்ளையை அன்றைக்கே பிறக்கவைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். சரித்திர நாளும் பிறந்தநாளும் ஒன்றாக விழுந்தால் வாசகர் எழுத்தாளரின் கையைப் பார்த்துவிடுவார். அடுத்த வியாழன் பிறக்கட்டும். வியாழனுக்குக் காரணம் இருக்கிறது. பர்மியர்கள் பிறந்த கிழமையைக் கொண்டு பெயரின் முதல் ஒலியைத் தேர்வார்கள். வியாழன் என்றால் 'ப', 'ம' வரிசை. தாய் அவனை மாங் மியிந்த் என்பாள். தகப்பன் முத்து என்பார். இரண்டும் கிழமைக்குப் பொருந்தும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர், இரண்டுமே சரியான பெயர்.

3. எண்ணிக்கையின் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறையப் பேர் தாவிப்போகும் படி இது. இந்த வகை நாவலில் மிகவும் உழைக்கவேண்டிய இடமும் இதுதான்.

ஒவ்வொரு சமூகமும் யார் குடும்பம், யார் குடும்பமில்லை என்பதற்கு எழுதிய விதியும் எழுதாத விதியும் வைத்திருக்கிறது. நகரத்தார் வழக்கில் திருமணமான ஒரு தம்பதி கோயிலுக்கு ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். கல்யாணத்தன்று இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள். கடைக்கு விலாசம் (முதலெழுத்துகளால் ஆன பெயர்) உண்டு, அந்த எழுத்துகள் மகனுக்குப் போகும். மா மியா புள்ளியில் இல்லை, அவள் மகனுக்கு விலாசம் இல்லை.

இனி அந்தப் பக்கம் வாருங்கள். பர்மிய பௌத்த வழக்கில் திருமணத்துக்குச் சடங்கே அவசியமில்லை. இருவர் சேர்ந்து வாழ்ந்து, அக்கம்பக்கம் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டால் அது கல்யாணம். பெண்ணுக்குச் சொத்தில் உரிமை உண்டு, சந்தையில் கடை போட்டுத் தானே வியாபாரம் செய்வாள். பிற மதத்தாரோடு வாழும் பௌத்தப் பெண்களின் திருமண, வாரிசு உரிமைகளுக்காக 1939இல் தனிச் சட்டமே வந்தது. ஆக, ஹென்சாடாவில் மா மியா மனைவி, காரைக்குடியில் அவள் யாருமில்லை. ஒரே பெண்ணை ஒரு கடலின் இரு கரைகள் இரண்டு விதமாக எண்ணுகின்றன. வில்லன் என்று தனியாக ஓர் ஆளை நீங்கள் தேடவேண்டியதே இல்லை.

விசாலாட்சியை மறந்துவிடாதீர்கள். இத்தகைய கதைகளில் ஊரில் இருக்கும் மனைவி பெரும்பாலும் அழுதுகொண்டிருக்கும் நிழலாகிப்போவாள். அது பெரிய அநியாயம். ஏஜெண்டுகள் வழக்கமாக மனைவியை அழைத்துப்போவதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோகும் கணவனை வைத்துக்கொண்டு, வளவு வீட்டில் (முற்றம் வைத்த கூட்டுக் குடும்ப வீட்டில்) மாமியாரின் கண்காணிப்பில், தனி அடுப்பு வைத்துக் குடும்பம் நடத்தி, நிலம் நீச்சு பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் ஆச்சிமார். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களுக்கு நடுவே அவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் குறைந்தது மூன்று அத்தியாயங்களாவது ஒதுக்குங்கள்.

4. காதலை வேலைக்கு நடுவே வளர்த்தெடுங்கள்

பகோடாவின் பொன்வெளிச்சம், கூந்தலில் பூ, முதல் பார்வை என்று எழுதினால் மா மியா ஒரு படமாகத்தான் இருப்பாள். கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்துப் பூச்சை எழுதுவதில் தவறில்லை. ஆனால் அவள் அதைக் கல்லில் அரைக்கும்போது என்ன கணக்குப் போடுகிறாள் என்பதும் வேண்டும். அப்பாவின் கடனுக்கு அவகாசம் கேட்டு அவள் கடைக்கு வருகிறாள். கிட்டங்கியில் (செட்டியார் கடைகள் இயங்கும் கூடத்தில்) கணக்கப்பிள்ளைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறாள். வட்டியை மனக்கணக்காகவே சொல்லி அவர் கூட்டலில் ஒரு பிழையைக் காட்டுகிறாள். காதல் அங்கே தொடங்கட்டும். இருவருக்கும் தெரிந்த மொழி எண்கள்தானே.

ஏஜெண்டுகளுக்கு பர்மிய மொழி தெரிந்திருக்கும், தெரியாமல் வியாபாரம் நடக்காது. அவர்கள் பேச்சைத் தமிழில் எழுதும்போது கொச்சையாக்கிச் சிரிக்கவைக்காதீர்கள். அவள் தன் மொழியில் சரளமாகப் பேசுகிறாள், தடுமாறுகிறவர் அவர்தான். அவள் பேச்சைத் தெளிந்த தமிழிலும், அவர் பர்மிய மொழி பேசும்போது சின்னச் சின்ன வாக்கியங்களிலும் எழுதினால் போதும்.

ஏப்ரல் நடுவில் வரும் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நம் சித்திரைப் பிறப்போடு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அவர்கள் வீட்டில் அந்த நாள் எப்படி இருந்தது என்று ஒரு முறை காட்டுங்கள். வருஷா வருஷம் வேண்டாம்.

அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதைக் காதல் மூடிமறைக்கக் கூடாது. கடன் கொடுத்தவன் கடன்பட்டவர் மகளை விரும்புகிறான். அவள் சம்மதத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு நிர்ப்பந்தம் என்ற கேள்வியை நாவல் முழுக்க உயிரோடு வைத்திருங்கள். அவளுக்கே பதில் மாறிக்கொண்டிருக்கலாம்.

5. ஆதாரங்கள்

தேதிகளையும் படை நகர்வுகளையும் எந்த நூலகத்திலும் எடுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறு: ஒரு கூடை நெல், ஒரு விஸ் (பர்மிய எடை அளவு) வெங்காயம், கப்பலின் மேல்தளப் பயணச் சீட்டு ஆகியவற்றின் விலை, தந்தி வாசகம். 1929-30இல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை செட்டியார் கடைகள் இயங்கிய விதத்தை விரிவாகச் சொல்கிறது. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி வட்டி விகிதம் நிர்ணயித்த பழக்கம்வரை அதில் கிடைக்கும். நடந்து வந்தவர்களின் சொந்த எழுத்தும் உண்டு. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் தானே நடந்து திரும்பி, அந்த அனுபவத்தை எழுதிவைத்திருக்கிறார்.

பழைய குடும்பங்களில் கேட்கும்போது "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள், பத்திரிகையில் படித்ததையே சொல்வார்கள். "என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு வெற்றிலைச் செல்லம், ஒரு பத்திரக்கட்டு, ஒரு வெண்கலக் கும்பா. பிறகு அந்தப் பொருளைச் சுற்றி மனிதர்கள் தாமாக வருவார்கள். சொன்னவர் அனுமதி இல்லாமல் அவர் குடும்ப ரகசியத்தை அப்படியே கதையில் இறக்காதீர்கள்.

6. கிளம்பும் அத்தியாயம்

நாவலின் நடுமுதுகு இது. முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம். 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, காலை. விஷு வருஷம் மார்கழி மாதம். விமானங்களைப் பார்க்க ரங்கூன் மக்கள் பதுங்காமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். அதனாலேயே சாவு ஆயிரத்தைத் தாண்டியது. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் குண்டு. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் புரோம் சாலையில் வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலரை அரசு திரும்ப வரவழைத்தது, துறைமுகமும் நகரத் துப்புரவும் அவர்கள் இல்லாமல் நின்றுபோயிருந்தன. அடுத்த வாரங்களில் மறுபடி கிளம்பினார்கள்.

இந்தத் திரும்பல் நாவலாசிரியருக்குப் பெரும் கொடை. உங்கள் குடும்பத்தையும் இரண்டு முறை கிளம்பவையுங்கள். முதல் முறை பதற்றம், எல்லோரும் சேர்ந்து ஓடுகிறார்கள், யாரும் யாரையும் எண்ணுவதில்லை. திரும்பி வருகிறார்கள். இரண்டாம் முறை யோசிக்க நேரம் கிடைக்கிறது. கொடுமை அந்த யோசனையில்தான் நடக்கும்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'வள்ளியப்பன் கணக்குப் பெட்டியைத் திறந்து பேரேடுகளை எடுத்து அடுக்கினார். மொத்தம் ஏழு. கோணிப்பையில் ஐந்துதான் பிடித்தது. மா மியா அரிசியைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எவ்வளவு தூரம் நடப்பான்?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பேரேட்டை வெளியே எடுத்துப் புரட்டினார். அவளுடைய அப்பாவின் பற்று அதில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவள் முடிச்சை அவிழ்த்து, அரிசியில் பாதியைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.'

குண்டு இல்லை, அழுகை இல்லை, பிரிவு என்ற பேச்சுகூட இல்லை. அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பதை அவள் பார்த்துவிட்டாள், தான் போகப்போவதில்லை என்று அரிசியால் சொல்லிவிட்டாள். இந்த மாதிரி ஒரு செயலைக் கண்டுபிடிக்கும்வரை இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததாக எண்ணாதீர்கள்.

7. வழிநடை

மூன்று பெரிய பாதைகள் இருந்தன. புரோமில் ஆற்றைக் கடந்து, அரக்கான் மலைத்தொடரில் 100 மைலுக்கு மேல் நடந்து தாவுங்கப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். இரண்டாவது, சிந்த்வின் ஆற்றோரம் கலேவா, டாமு வழியாக இம்பால், திமாப்பூர். மூன்றாவது வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லேடோ, மழை தொடங்கிய பிறகு அதில் போனவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஹென்சாடாக்காரருக்குத் தாவுங்கப் பாதைதான் பொருந்தும். அதில் முதல் எதிரி தாகம், அடுத்தது காலரா. மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் மாண்டவர்களைச் சரியாக எண்ண ஆளில்லை.

டாமு பாதையில் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்ததாக எழுந்த குற்றச்சாட்டு அன்றைய அரசியலில் பெரிய கொந்தளிப்பாயிற்று. உங்கள் ஆள் அந்த வழியில் போகவில்லை என்றால் இம்பால் முகாமிலிருந்து வந்த இன்னொருவர் வாயால் வரட்டும். எல்லாவற்றையும் கதாநாயகனே பார்த்திருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பிணங்களை அடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்குள் வாசகர் மனம் மரத்துவிடும். ஒரு மரணம் போதும், அது வாசகருக்குப் பெயர் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும்: கடையில் எடுபிடியாக இருந்த பெட்டியடிப் பையன்.

8. இடைவெளிகளைத் தாண்டுங்கள்

1942க்கும் 1964க்கும் நடுவே 22 வருஷம். அத்தனையையும் நிரப்ப முயன்றால் நாவல் மூச்சுமுட்டிப்போகும். ஒவ்வொரு பெரிய தாவலுக்கும் ஒரு காகிதம் போதும். ஜப்பானியர் அச்சடித்த ரூபாய் 1945இல் வெற்றுத் தாளானது. மா மியாவின் பெட்டியில் ஒரு கட்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நில நாட்டுடைமைச் சட்டம். காரைக்குடியில் வள்ளியப்பன் காத்துவந்த அந்த ஐந்து பேரேடுகளும் செல்லாதவை ஆகின்றன. மாமனார் நிலம் கடைக்கும் இல்லை, அவருக்கும் முழுதாக இல்லை.

1964க்குப் பிறகு சுமார் 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். நகைகளைக் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு. 27 வயது முத்து கப்பலேறுவானா? தாய் அங்கேயே பிறந்தவள், அவனும் அங்கேயே பிறந்தவன். இந்தியன் என்று எழுதினால் போகலாம், பர்மியன் என்று எழுதினால் இருக்கலாம். அப்பச்சி எண்ணாமல் விட்ட பிள்ளையை இப்போது ஓர் அரசாங்கப் படிவம் எண்ணச் சொல்கிறது. இரண்டாம் தலைமுறையின் கதை இங்கே பிடித்துக்கொள்ளும்.

வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதும் எழுதவேண்டியதே. தமிழ்நாட்டு ஊர்களில் பர்மா காலனிகள், சென்னைக் கடற்கரை நிலையம் பக்கம் பர்மா பஜார், தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. தரைவழியே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேசுவரிக்குக் கோயில் இருக்கிறது. முத்துவை மோரேயில் நிறுத்தினால் உங்கள் நாவலின் மூன்றாம் பாகம் எல்லையைப் பார்த்தபடி எழுதப்படும். நான் எழுதினால் அப்படித்தான் எழுதுவேன்.

9. எழுதும் வரிசையும் திருத்தமும்

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஆறாம் படியில் சொன்ன கிளம்பும் காட்சியை முதலில் எழுதுங்கள். அதற்குத் தேவையானது என்னவோ அதை மட்டும் முற்பகுதியில் விதையுங்கள்: மா மியா கடைக்கு வந்த நாள், அப்பாவின் பற்று எழுதிய பேரேடு, பெட்டியடிப் பையன். பிறகு அதனால் விளைந்ததைப் பிற்பகுதியாக எழுதுங்கள்.

அண்ணன் தம்பி சந்திக்கும் காட்சி ஒன்று வரும். கட்டிப்பிடித்து அழவைக்கும் ஆசையை விலக்குங்கள். 1965இல் விசாலாட்சியின் மகனுக்கு 30, முத்துவுக்கு 28. ஒருவர் மற்றவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவார் என்று தடுமாறும் அந்த ஒரு நிமிஷமே போதும். வளவு வீட்டு முகப்பில் முத்து நிற்கிறான். "யாரு?" என்று உள்ளிருந்து விசாலாட்சி கேட்கிறாள். மகன் என்ன பதில் சொல்வான் என்பதை உங்கள் ஆச்சி எப்படிப்பட்டவள் என்பது தீர்மானிக்கட்டும், நாவலின் நீளம் தீர்மானிக்கக் கூடாது.

வரைவு முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள். நகரத்தார் வீட்டுப் பெரியவர் ஒருவர், முறைப்பெயர்களும் சடங்கும் பார்க்க. பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தவர் ஒருவர், சாப்பாடும் ஊர்ப்பெயரும் பார்க்க. மூன்றாமவர் பர்மியராக இருந்தால் மிகவும் நல்லது. மா மியாவின் அத்தியாயங்களை வாய்மொழியாகச் சொல்லிக் காட்டி, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று கவனித்து, அந்த இடங்களை முதலில் திருத்துங்கள்.